ராஜா விழ வேண்டிய கட்டம்

நறுமுகை செஸ்ஸைக் கெடுத்து ஆடுவதற்குப் பீஸ் கட்டிப் படித்தவள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் மட்டும் அப்படிச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் தெருவுக்கு ஒன்று இருந்தன. உக்கடத்தில் தாஹிரா நடத்திய கூடத்துக்கு வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. 'சறுக்கல் கிளாஸ்' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் சாட்சி. செஸ் ஆடும் எந்திரங்கள் மனிதர்களை ஜெயிக்கத் தொடங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. பஸ்ஸோடு ஓட்டப்பந்தயம் ஓடித் தோற்றுவிட்டு யாரும் அழுவதில்லை. வம்பு வேறு பக்கமிருந்து வந்தது. எந்திரம் சுருங்கிக்கொண்டே போய்ச் சட்டைப் பொத்தானுக்குள்ளும், கண்ணில் போடும் வில்லைக்குள்ளும், அடைத்த பல்லுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. பலகைக்கு முன்னால் இருப்பவர் யோசித்து ஆடுகிறாரா, கேட்டு ஆடுகிறாரா என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. அதைக் கண்டுபிடிக்கச் செய்த இன்னொரு எந்திரம்தான் சாட்சி. அது ஆளைப் பார்க்காது, ஆட்டத்தை மட்டும் பார்க்கும். இது மனித மூளை போட்ட ஆட்டமா இல்லையா என்று சொல்லும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குட்டி விளக்கு இருக்கும். ஆட்டம் முடிந்ததும் பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் விசாரணை. நடுவில் எரிந்தால் எதிராளிக்குத் துப்புக் கொடுத்தது போலாகிவிடும் என்பதால் கடைசிவரை அது அணைந்தே இருக்கும்.

சாட்சி வந்த பிறகு கள்ளாட்டம் குறைந்தது உண்மை. கூடவே நல்ல ஆட்டமும் குறைந்துபோனது. மிக நல்ல நகர்த்தல் ஒன்றை ஆடினால் அது எந்திரத்தின் நகர்த்தலோடு ஒத்துப்போகும், ஒத்துப்போனால் சிவப்பு எரியும். ஆகவே பிள்ளைகள் புத்திசாலித்தனமாக ஆடப் பயந்தார்கள். சிறந்த நகர்த்தல் தெரிந்தாலும் அதற்கு அடுத்ததை ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுவிட்டுப் பாதியில் எழுந்துபோனார்கள்.

"நல்ல மூவ் கண்ல பட்டா என்ன பண்ணணும்?" என்று தாஹிரா வகுப்பில் கேட்பாள்.

"பாக்காத மாதிரி இருந்துக்கணும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

"பாக்க மனுஷி மாதிரி இருந்தாப் பத்தாது கண்ணுகளா. ஆட்டமும் மனுஷி மாதிரி இருக்கோணும்."

தாஹிரா நறுமுகைக்குப் பள்ளிக்கூடத் தோழி. பணம் வாங்காமல் சொல்லித்தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். ஓசியில் படித்தால் மனதில் நிற்காது என்று நறுமுகைதான் கட்டாயப்படுத்திக் கட்டினாள். அவளுக்கு அந்த வகுப்பு அவ்வளவு அவசியமாக இருந்தது.

ஏனென்றால் அவள் ஏற்கெனவே ஒருமுறை சிவப்பில் மாட்டியவள். ஓசூரில் நடந்த ஒரு போட்டியில், வயது இருபத்துநான்கோ ஐந்தோ இருக்கும், ராணியைக் கொடுத்து ஒரு நகர்த்தல் ஆடினாள். எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். தோன்றியது, அவ்வளவுதான் என்றாள். விசாரணையில் அந்தப் பதில் செல்லாது. மூன்று வருடம் தடை விதித்தார்கள். அவள் செஸ் சொல்லிக்கொடுத்த பள்ளியில் மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டார். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஆடிய போட்டிகளில் கொடுத்த டீ-ஷர்ட்டுகளைத்தான் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போவார், முதுகில் போட்டியின் பெயர் தெரிகிற மாதிரி. தடை வந்த மறுநாளிலிருந்து வெறும் வெள்ளைச் சட்டைக்கு மாறிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டைதான் நறுமுகையை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அழவைத்தது.

இரண்டாவது சிவப்பு எரிந்து, விசாரணையிலும் தோற்றால் ஆயுள் முழுக்கத் தடை. அது விதி.

மாநிலப் போட்டியின் கடைசிச் சுற்று பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் கோப்பைகளை அடுக்கியிருந்தார்கள். நறுமுகைக்கு எதிரே உட்கார்ந்தவர் தூத்துக்குடி ரொமால்டு. நாற்பத்தைந்து வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, கட்டைவிரல் பருமனில் மீசை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு அவர் அலைந்த கதை ஊரறிந்தது. ஒவ்வொரு தடவையும் அரைப் புள்ளியில் நழுவிப்போகும். இந்தத் தடவை கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே பட்டம் கைக்கு வந்துவிடும். நறுமுகைக்கும் டிரா போதும், மாநில அணியில் இடம் உறுதி.

இருவருக்கும் டிரா போதுமென்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இரண்டு மணி நேரம் இருவரும் உப்புச்சப்பில்லாமல் ஆடினார்கள். பிறகு ரொமால்டு மெதுவாகத் தலைநிமிர்ந்து, "டிரா பண்ணிக்கிடுவமா தங்கச்சி?" என்று கேட்டார்.

நறுமுகை கையை நீட்டப் போனாள். சத்தியமாகப் போனாள். நீட்டும் முன் பழக்கதோஷத்தில் பலகையை ஒருதரம் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவளுடைய யானை ஒன்று வெட்டுப்படும் இடத்தில் நின்றது. ரொமால்டின் குதிரை எப்போது வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். காப்பாற்றுவதுதான் முறை, காப்பாற்றினால் டிரா. ஆனால் யானையை அப்படியே விட்டுவிட்டு ராஜாவை ஒரு கட்டம் மூலைப்பக்கம் ஒதுக்கினால்? யாரையும் வெட்டாமல், யாருக்கும் செக் சொல்லாமல், வீட்டுக்காரர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போடுவது போல ஒரு நகர்த்தல். அதற்குப் பிறகு அவர் யானையை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தால் அவருடைய ராஜா நடுப்பலகைக்கு இழுபட்டு வந்து ஒரு சாதாரணச் சிப்பாயின் கையால் சாகும்.

தாஹிராவின் குரல் காதில் கேட்டது. வெள்ளைச் சட்டை கண்ணில் வந்தது. பாக்காத மாதிரி இருந்துக்கணும். தடை முடிந்ததிலிருந்து அவள் அப்படித்தான் இருந்தாள். நல்ல நகர்த்தல்களை ஒவ்வொன்றாக முழுங்கி முழுங்கி, இப்போதெல்லாம் பலகை முன் உட்காரும்போதே அலுப்புத் தட்டியது. இதையும் முழுங்கிவிட்டால் பிறகு எதற்காக இந்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இல்லீங்கண்ணா, ஆடலாம்" என்றாள். ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தாள்.

ரொமால்டு முதலில் புருவத்தை உயர்த்தினார். பிறகு முன்னால் குனிந்தார். பிறகு வெகுநேரம் அசையவே இல்லை. மீசையைத் திருகிய விரல் பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் பெருமூச்சுவிட்டு, தன்னுடைய கறுப்பு ராஜாவைத் தூக்கினார். தோற்றவர்கள் வழக்கமாகச் செய்வது போல அதைப் படுக்க வைக்கவில்லை. நடுப்பலகைக்குச் சற்றுப் பக்கத்தில், டி-ஆறு என்ற கட்டத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, கை கொடுத்தார்.

"ஐயா, ராஜாவை அங்க வைக்காதீங்க. போர்டு அதையும் ஒரு மூவ்னு பதிஞ்சுக்கும்" என்று நடுவர் ஓடிவந்து சலித்துக்கொண்டார். அதற்குள் மேசை விளக்கு எரிந்தது. நறுமுகையின் பக்கம் சிவப்பு.

விசாரணை மணமகள் அறையில். சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிக் குண்டு பல்புகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நறுமுகைக்குத் தன் முகம்தான் தெரிந்தது. ஒரு மேசை, அதன்மேல் மரப்பலகை, காய்கள். அந்தப் பக்கம் சங்கத்தின் ஒழுங்குக்குழுத் தலைவர் திருமேனி. பக்கத்தில் வசுந்தரா, சாட்சியை எழுதிய குழுவின் தலைவி, சென்னையிலிருந்து இந்தப் போட்டிக்கென்று வந்திருந்தவர். ஓரமாக ஒரு நாற்காலியில் ரொமால்டு. எதிராளி உடனிருக்க வேண்டும் என்பது சட்டம், பேச வேண்டும் என்பது சட்டமில்லை. பேசுவதில் அவருக்கு லாபமும் இல்லை. குற்றம் உறுதியானால் ஆட்டப்புள்ளி எதிராளிக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே ரொமால்டு கிராண்ட்மாஸ்டர்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளிகள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆட்டத்தை அலசிப் பார்க்கும் பழைய வழக்கத்தைச் சங்கம் தடைசெய்து வெகுகாலமாயிற்று. விசாரணைக்கான பதிலை அங்கேயே தயார்செய்துவிடுவார்கள் என்ற பயம். ஆகவே கை கொடுத்ததற்குப் பிறகு அவளும் ரொமால்டும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நடுவர் தனித்தனியாகத்தான் கூட்டிவந்திருந்தார்.

"ஏன் ராஜாவை நகர்த்தினீங்க? சொல்லுங்க" என்றார் திருமேனி. கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர். இந்த அறையில் கேட்ட பொய்களே அவருக்கு ஒரு ஆயுளுக்குப் போதும்.

இந்தத் தடவை நறுமுகை தோன்றியது என்று சொல்லவில்லை. காய்களை வைத்துக் காட்டினாள். "அண்ணனோட குதிரை என் யானையை எடுக்குது. எடுக்கலைன்னா அடுத்த மூவ்லயே மேட், அதனால எடுத்துத்தான் ஆகணும். நான் ராணியால கடைசி வரிசைல செக் சொல்றேன். ராஜா இ-ஏழுக்கு வரணும். மறுபடி செக். ராஜா டி-ஆறு. அப்பறம் இந்தச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால. மேட்." ஒவ்வொரு நகர்த்தலும் அவளுக்குச் சொந்தம் போலத்தான் இருந்தது.

வசுந்தரா வெகுநேரம் பலகையைப் பார்த்தார். கையில் வைத்திருந்த திரையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயக்கத்தோடு விரலை நீட்டினார்.

"நறுமுகை, நீங்க முதல் செக் சொன்னதும் ராஜா எதுக்கு ஓடணும்? இந்த மந்திரி இங்க இருக்கே."

கறுப்பு மந்திரி பலகையின் இந்தக் கோடியில், அவளுடைய எல்லைக்குள் ஏ-மூன்றில் நின்றது. மந்திரி மூலைவாட்டில் ஓடும் காய். வசுந்தரா அதை எடுத்து, முழுப் பலகையையும் தாண்டிப் பின்வாங்கி எஃப்-எட்டில் கொண்டுபோய் வைத்தார். ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவில் சுவர் எழும்பியது போலாயிற்று.

"மேட் இல்ல. அதுக்கப்பறம் நீங்க செக் மேல செக் சொல்லி டிரா பண்ணலாம். அவ்வளவுதான்."

நறுமுகை பலகையைத் திரும்பப் பார்த்தாள். மந்திரியின் வழியில் ரொமால்டின் குதிரை நின்றிருந்தது. ஆனால் யானையை எடுப்பதே அந்தக் குதிரைதான். அது போய்விட்டால் வழி திறந்துவிடும். கணக்கில் குதிரையை நகர்த்தியிருந்தாள், கண்ணுக்குள் மட்டும் அது பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"நான் அதைப் பாக்கலை" என்றாள்.

திருமேனி நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், எனக்கு இதுக்கு மேல கேக்க ஒண்ணுமில்ல. மெஷினும் இதே மூவைத்தான் சொல்லுது. ஆனா இவங்க சொல்ற காரணம் தப்பு. மூவ் சரி, காரணம் தப்புன்னா என்ன அர்த்தம்? மூவ் எங்கிருந்தோ வந்திருக்கு. காரணத்தை இவங்க அப்பறமா ஜோடிச்சிருக்காங்க."

கேட்கக் கேட்க அவர் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. நறுமுகைக்கே ஒரு கணம் தன்மேல் சந்தேகம் வந்தது. கண்ணாடிகளில் இருந்த அத்தனை நறுமுகைகளும் தலைகுனிந்தார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஓரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் ரொமால்டு.

"நீங்க பேசணும்னு அவசியமில்ல. பேசாம இருக்கறது உங்களுக்கு நல்லதும்கூட" என்றார் திருமேனி.

"அது தெரியும் சார். ஆனா அந்த மந்திரியை நானும் பாக்கலயே." அவர் எழுந்து வந்து பலகையைக் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "கருமம், எப்படி இருந்திருக்கு பாருங்க. எம் மந்திரி. நானே கொண்டுபோய் அங்கன வச்சது. அந்தப் பிள்ளை சொன்ன அதே மேட்டைத்தான் நானும் பாத்தேன். பாத்துப் பயந்துதான் தோல்வியை ஒத்துக்கிட்டேன். இல்லைன்னா டிரா போதும்னு இருக்கவன் எதுக்கு எந்திரிக்கேன்?"

"இப்ப அவங்க சொன்னதைக் கேட்டுட்டுச் சொல்றீங்க. இதை நான் எப்படி எடுத்துக்கறது?"

"இப்ப சொல்லல சார். அப்பவே சொல்லிட்டேன்." ரொமால்டு திருமேனியைவிட்டு வசுந்தராவைப் பார்த்தார். "மேடம், நான் ராஜாவை எங்க வச்சேன்னு உங்க போர்டு பதிஞ்சிருக்கும்லா? நடுவர் சார்கூட ஏசினாரு."

வசுந்தரா திரையைத் தள்ளிப் பார்த்தார். "டி-ஆறு."

"எங்க கிளப்புல ஒரு பழக்கம். கடற்கரை ரோட்டுல உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கிக்குப் பக்கத்துல எங்க கிளப்பு. தோத்தவன் ராஜாவைப் படுக்க வைக்க மாட்டான். எந்தக் கட்டத்துல சாகப் போகுதோ அந்தக் கட்டத்துல கொண்டுபோய் நிறுத்திட்டுத்தான் கை கொடுப்பான். நீ செய்ய நெனச்சதை நான் பாத்துட்டேன்னு ஜெயிச்சவனுக்குச் சொல்லுத மரியாதை. வாயால சொன்னா நடுவர் திட்டுவாருன்னு நாங்க காயால சொல்லிக்கிடுவோம். முப்பது வருசப் பழக்கம், கை தானாப் போயிட்டு."

டி-ஆறு. கறுப்பு ராஜா ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட மிதிக்காத கட்டம். நறுமுகையின் தப்பான கணக்கில் மட்டுமே அது அங்கே போய்ச் சேரும். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே, அவள் வாயைத் திறப்பதற்கு வெகு முன்பே, அந்தத் தப்பு எதிர்ப்பக்கத்து மூளையிலும் இருந்ததற்குப் பலகையே ஆதாரம் வைத்திருந்தது.

வசுந்தரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல பழைய செஸ் ப்ரோக்ராம் எல்லாம் எடுத்துப் படிப்பேன். ஆரம்பத்துல வந்ததெல்லாம் சும்மா எண்ணும். இத்தனை மூவ் தூரம்னு ஒரு எல்லை, அதுக்கு அந்தப் பக்கம் குருடு. தோல்வி வர்றது தெரிஞ்சா கையில இருக்கற காயை ஒவ்வொண்ணா அள்ளிக் கொடுத்து அதை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருக்கும். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் கடன்காரனைச் சமாளிப்பாரு. அதுக்கப்பறம் தனக்குத்தானே கோடிக்கணக்கா ஆடிக் கத்துக்கிட்டது வந்துச்சு. அதுக்கு எண்ணிக்கையைவிட ஒரு மாதிரி வாசனை தெரியும். இப்ப இருக்கறது இன்னும் ஒரு படி மேல. எதிர்ல இருக்கறது மனுஷன்னா, மனுஷன் எங்க தப்பு பண்ணுவான்னு அதுக்குத் தெரியும்."

"அதுக்கும் இந்தக் கேஸுக்கும் என்னங்க?" என்றார் திருமேனி.

"இருக்கு. இந்த இடத்துல அது ஏன் இந்த மூவைச் சொல்லுதுன்னு நான் இப்பத்தான் திறந்து பாத்தேன்." திரையை அவர் பக்கம் திருப்பினார். "மத்த மூவ் எல்லாமும் டிராதான், இதுவும் டிராதான். ஆனா இதுல தப்பிக்க ஒரே ஒரு வழி, அந்த மந்திரி பின்னால வர்றது. மனுஷங்க பின்னால போற காயைச் சட்டுனு பாக்க மாட்டாங்க. நகர்ந்த குதிரையைக் கண்ணுக்குள்ள பழைய இடத்துலயே வச்சிருப்பாங்க. ரொமால்டு அதைப் பாக்க மாட்டார்னு மெஷினுக்குத் தெரியும். அதனால இதை எடுத்துச்சு." பலகையில் இருந்த மந்திரியை விரலால் தொட்டார். "நறுமுகையும் அதே மூவை எடுத்தாங்க. ஏன்னா அவங்களும் அதைப் பாக்கல."

திருமேனிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கன்னத்தைச் சொறிந்தார்.

"கேட்டு ஆடியிருந்தா இது டிராதான்னு தெரிஞ்சிருக்கும், மேட்டுன்னு நம்பியிருக்க மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"அதேதான். நல்ல மூவை யாரும் திருடலாம் சார். இந்தத் தப்பை எங்கிருந்து திருட முடியும்? இது ரெண்டு பேருக்கும் சொந்தத் தப்பு, ஒரே நேரத்துல. நாங்க சாட்சிக்கு நல்ல மூவை எல்லாம் பிடிக்கக் கத்துக்கொடுத்தோம். தப்பைக் கவனிக்கக் கத்துக்கொடுக்கல." அவர் நறுமுகையை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "ஓசூர் ஆட்டத்தையும் நான் திரும்ப எடுத்துப் பாக்கறேன். உங்க ஒருத்தரோடது மட்டும் இல்ல, எல்லாத்தையும். மன்னிச்சுக்கோங்க."

நறுமுகை நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மணமகள் அறையில் பெண்கள் அழுவது புதிதில்லை என்பதாலோ என்னவோ, நடுவர் சத்தமில்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திருமேனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிவச்சு ஆடினீங்களான்னு நான் கேக்கணும். ஆனா பேசிவச்சு யாராவது கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைத் தொலைப்பாங்களா" என்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். புள்ளி நறுமுகைக்கே.

வெளியே பந்தி நடக்கும் கூடத்தில் காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரொமால்டு கை கழுவும் தொட்டியருகே முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். நறுமுகை போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, நீங்க பேசாம இருந்திருந்தா..."

"கிராண்ட்மாஸ்டர் ரொமால்டு. போர்டு எழுதி வீட்டு வாசல்ல மாட்டியிருப்பேன்." கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். "அந்த மந்திரியை நான் பாத்திருந்தாலும் அதே போர்டுதான். அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. உன்மேல இல்ல, எம்மேல."

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆறேழு வருசமா எதிர்ல உக்காருத பிள்ளைக எல்லாம் செத்த ஆட்டம் ஆடுது. நானும்தான் ஆடுதேன், பெருசா சொல்லுதேன். இன்னைக்கு நீ ராஜாவை ஒதுக்குனதும் எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு தங்கச்சி. அப்படி ஒரு மூவை எனக்கு எதிரா ஆடிட்டு, அது உன்னோடது இல்லன்னு அவரு சொன்னாருன்னா நான் எப்படிக் கேட்டுக்கிட்டு இருக்கது?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அடுத்த வருசம் எங்கூர்ல வச்சுப் போட்டி. வா. நல்லா ஆடணும். சறுக்குத வேலையெல்லாம் எங்கிட்ட ஆகாது."

போகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதருக்குத் தான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவள் மனம் சொன்னது. ஆனால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து அதைத் தீர்க்க முடியாது என்பதும் தெரிந்தது. விட்டுக்கொடுத்தால் அவர் முகத்திலேயே விழிக்க முடியாது.

அந்த ஒரு வருடத்தில் சாட்சி மாறியது. நல்ல நகர்த்தலைக் கண்டவுடன் சிவப்பாகும் வழக்கத்தை விட்டது. ஆட்டத்தில் தோற்றவரிடமும் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியது: உங்கள் ராஜா எங்கே விழும் என்று நினைத்தீர்கள்? பதிலை வாயால் சொல்ல வேண்டாம், ராஜாவை அந்தக் கட்டத்தில் வைத்தால் போதும். ஒரு கிளப்பின் பழக்கம் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. ஆட்டம் முடிந்து அலசிப் பார்ப்பதற்கான தடையையும் சங்கம் எடுத்துவிட்டது. ஓசூர்த் தீர்ப்பை ரத்து செய்து கடிதம் வந்த அன்று அப்பா பீரோவைக் கிளறிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை நடைக்கு ஒரு பழைய நீல டீ-ஷர்ட். வயிற்றில் இறுக்கமாக இருந்தது, கழற்ற மறுத்துவிட்டார்.

தாஹிராவின் தொழில்தான் படுத்துவிட்டது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்று திட்டினாள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் வேறு வகுப்பு தொடங்கினாள். அதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. நல்ல மூவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற அதே கேள்வியைத்தான் கேட்டாள். பிள்ளைகளுக்குத்தான் புதுப் பதில் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

தூத்துக்குடியில் கடைசிச் சுற்று. கடற்கரையை ஒட்டிய ஒரு மண்டபம், ஜன்னலைத் திறந்தால் காற்றில் உப்பு. வந்து நின்றது அதே ஜோடிதான். இந்தத் தடவை ரொமால்டுக்கு டிரா போதாது, ஜெயித்தால்தான் பட்டம்.

நறுமுகை தன்னால் முடிந்த அளவு நன்றாக ஆடினாள். ஒரு இடத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. மண்டபத்தில் மற்ற மேசைக்காரர்கள் எழுந்துவந்து சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை. மதியத்துக்கு மேல் ரொமால்டு தன் குதிரையை ஒரு மூலையிலிருந்து எடுத்து எதிர்பாராத இடத்தில் வைத்தார். நறுமுகை பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. குதிரை, ராணி, மறுபடி குதிரை. எந்தப் பக்கம் ஓடினாலும் அவளுடைய ராஜா சரியாக ஹெச்-நான்கில் போய் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு அழகாகக் கோத்திருக்கிறார். தோற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுபடி பார்த்தாள். பின்னால் வருகிற காய் எல்லாவற்றையும் பார்த்தாள், வழி இல்லை. வெள்ளை ராஜாவை எடுத்து ஹெச்-நான்கில் நிமிர்த்தி வைத்தாள். கை நீட்டினாள்.

ரொமால்டு கையைப் பிடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். மீசை ஒருபக்கமாகக் கோணியது.

"அங்கனயா?" என்றார்.

"ஆமாண்ணா. குதிரை, ராணி, குதிரை."

"அடக் கடவுளே. எனக்கு அது தெரியவே தெரியாதே தங்கச்சி. நான் பொடிநடையா உன் சிப்பாயை எடுத்துக்கிட்டு அப்பறமாத்தான் ஜெயிக்கலாம்னு இருந்தேன்."

நறுமுகை வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேசை விளக்கு இரண்டு பக்கமும் பச்சையாக எரிந்தது. நடுவர் முடிவை எழுதிக்கொண்டு போய்விட்டார். புது கிராண்ட்மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க, நீ பாத்ததைக் காட்டு" என்றார்.